மாவுக்கட்டுக்குப் பின்னால் நான்கு கையெழுத்துகள்: காவல் சித்திரவதையைக் கண்டிக்கிறோம்

நல்ல கை கால்களோடு காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்படும் ஒருவர், மறுநாள் மாவுக்கட்டோடு நீதிமன்ற வாசலில் இறக்கப்படுகிறார். தப்பியோடும்போது பாலத்திலிருந்து குதித்தார் என்கிறது போலீஸ். அல்லது கழிவறையில் வழுக்கி விழுந்தார் என்கிறது. மாவுக்கட்டோடு எடுத்த அவரது படம் கைபேசிக்குக் கைபேசி பறக்கிறது, கைதட்டலும் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் ஆட்சிகள் மாறியும் மாறாமல் தொடரும் இந்த வழக்கத்தை எமது சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. எலும்பை ஒடிப்பது இந்த நாட்டின் எந்தச் சட்டத்திலும் தண்டனையாக இல்லை. தண்டனை விதிக்கும் அதிகாரம் உதவி ஆய்வாளருக்கும் இல்லை, மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் இல்லை, அமைச்சருக்கும் இல்லை.

காவல் நிலையக் கழிவறைகளில் கைதானவர்கள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா, போலீசார் விழுவதே இல்லையா என்று 2025ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. எல்லோருக்கும் விடை தெரிந்த கேள்வி அது. விடை தெரிந்த பிறகும் அடுத்த வாரம் அதே படம், அதே விளக்கம் வருகிறது என்றால், பொய் சொல்பவர்களுக்குப் பயம் போய்விட்டது என்று பொருள். அந்தப் பயம் எப்படிப் போனது என்பதைத்தான் இந்த அறிக்கை பேசுகிறது.

லத்தியைத் தூக்கிய காவலரோடு எங்கள் கண்டனம் முடியவில்லை. ஒடிந்த கை ஒன்று காவல் நிலையத்திலிருந்து சிறைக்குப் போய்ச் சேர நான்கு கையெழுத்துகள் வேண்டும். கைதுக் குறிப்பில் காவல் அதிகாரி கையெழுத்திட வேண்டும். ரிமாண்டுக்குத் தகுதியானவர் என்று அரசு மருத்துவர் கையெழுத்திட வேண்டும். சிறைக்கு அனுப்பும் உத்தரவில் மாஜிஸ்திரேட் கையெழுத்திட வேண்டும். வந்தவரை ஏற்றுக்கொண்டதாகச் சிறை அதிகாரி கையெழுத்திட வேண்டும். இந்த நால்வரில் ஒருவர் பேனாவை மூடிவைத்து, ‘இந்தக் காயம் எப்படி வந்தது?’ என்று கேட்டாலே சித்திரவதை அங்கே நின்றுவிடும். சட்டம் நான்கு இடங்களில் காவல் வைத்ததே அதற்காகத்தான். அந்த நான்கு இடங்களும் இன்று வெறும் முத்திரை குத்தும் இடங்களாகிவிட்டன. இதையே நாங்கள் முதன்மையாகக் கண்டிக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

கைதானவரின் உடலைப் பாதுகாக்கும் விதிகள் நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. டி.கே.பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 11 கட்டளைகளைப் பிறப்பித்தது. கைதுக் குறிப்பில் குடும்பத்தினர் ஒருவரோ அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதானவர் கேட்டால், கைதின்போது உடலில் உள்ள சிறிய, பெரிய காயங்கள் எல்லாவற்றையும் பார்த்துக் குறித்து, அதில் போலீசாரும் கைதானவரும் கையெழுத்திட வேண்டும். அதன் நகல் கைதானவருக்குத் தரப்பட வேண்டும். காவலில் இருக்கும் வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவும் கைதானவுடன் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் எழுத வேண்டும், அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் குறிப்பிடும் ஆளுக்கோ தர வேண்டும் என்கிறது.

மாஜிஸ்திரேட்டுகளின் கடமை இன்னும் பழையது. தம் முன் கொண்டுவரப்படும் ஒவ்வொருவரிடமும் ‘போலீசார் உன்னைத் துன்புறுத்தினார்களா?’ என்று கேட்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை கோரும் உரிமை உண்டு என்பதைச் சொல்ல வேண்டும் என்று ஷீலா பார்சே வழக்கில் 1983ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்வதும் இந்த ஒரு கேள்விக்காகவே. குடிமகனின் உடலை நீதித்துறையின் கண் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இரவு நேரத்தில், மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில், போலீசார் சூழ நிற்கும்போது, பெயரை மட்டும் கேட்டுவிட்டு ரிமாண்ட் உத்தரவில் கையெழுத்திடுவது அந்த நோக்கத்தையே கொன்றுவிடுகிறது. அடித்தவர்கள் பக்கத்திலேயே நிற்கும்போது ‘அடித்தார்கள்’ என்று எவர் வாய்திறப்பார்? வாய்திறந்தாலும், அதே வண்டியில்தானே அவர் திரும்பிப் போக வேண்டும்?

சாத்தான்குளம் காட்டியது

2020 ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கைபேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஒரு தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அன்றிரவு முழுவதும் அடிக்கப்பட்டார்கள். மறுநாள் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது இரத்தம் நிற்காததால் லுங்கியை மாற்றி மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். அந்த நிலையிலும் தகுதிச் சான்று கிடைத்தது. அந்த நிலையிலும் ரிமாண்ட் உத்தரவு கிடைத்தது. மாஜிஸ்திரேட் அவர்களை அருகில் அழைத்துப் பார்க்கக்கூட இல்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அந்த நிலையிலும் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோவில்பட்டி கிளைச் சிறை அவர்களை ஏற்றுக்கொண்டது. ஜூன் 22 இரவு மகனும், 23 அதிகாலை தந்தையும் இறந்தார்கள்.

நான்கு இடங்களில் எந்த ஓரிடத்திலாவது ‘முடியாது, முதலில் இவர்களுக்குச் சிகிச்சை’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் அந்த இருவரும் பிழைத்திருக்க வாய்ப்பிருந்தது. சாத்தான்குளத்தை நினைக்கும்போதெல்லாம் லத்தி மட்டுமே நம் கண்முன் வருகிறது. லத்திக்கு அடுத்து வந்த மூன்று பேனாக்களையும் நினைக்க வேண்டும்.

விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவரையே அந்தக் காவல் நிலையம் அவமதித்தது. நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் எடுக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. கண்காணிப்புக் கேமரா இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததால் அந்த இரவின் காட்சிகள் கிடைக்கவில்லை.

அதன் பிறகு என்ன மாறியது? 2023 மார்ச்சில் திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரம் சரகத்தில், விசாரணைக்கு அழைத்துவரப்பட்டவர்களின் பற்களைப் பிடுங்கியதாக ஓர் இளம் ஐ.பி.எஸ். அதிகாரி மீதே புகார் வந்தது. அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், உயர்நிலை விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. அகாடமியில் மனித உரிமைப் பாடம் படித்து வந்த அதிகாரிகள் மீதும் இத்தகைய புகார் எழுகிறது என்றால், ‘கீழ்மட்டத்தில் படிப்பறிவு போதவில்லை’ என்ற வழக்கமான சமாதானம் எடுபடாது.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயிலில் காவலாளியாக வேலைபார்த்த 27 வயது இளைஞரின் கதை இதைவிடக் கொடியது. காரில் இருந்த நகை காணவில்லை என்ற ஒரு புகாரை வைத்து, முதல் தகவல் அறிக்கை பதியாமலே, தனிப்படை போலீசார் அவரைப் பிடித்துச் சென்று அடித்தார்கள். அவர் உயிரோடு திரும்பவில்லை. உடற்கூறாய்வு அறிக்கையைப் பார்த்த உயர் நீதிமன்ற நீதிபதிகள், கொலைகாரன்கூட இப்படித் தாக்கமாட்டான் என்று அதிர்ச்சி தெரிவித்தார்கள். போலீசார் கைது செய்யப்பட்டார்கள்; வழக்கு சி.பி.ஐ. வசம் சென்றது. இங்கே நான்கு கையெழுத்துகளில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. கைது இல்லை, மருத்துவர் இல்லை, மாஜிஸ்திரேட் இல்லை, சிறை இல்லை. தனிப்படை என்பது எந்தப் பதிவேட்டுக்கும் கட்டுப்படாத படையாக வளரவிடப்பட்டதன் விளைவு அது. அதன் பிறகுதான் முறையான உத்தரவின்றி இயங்கும் தனிப்படைகளைக் கலைக்கும்படி காவல் துறைத் தலைமை அறிவுறுத்தியது. ஓர் உயிர் போகும் வரை அவை எவர் உத்தரவில் இயங்கின என்ற கேள்விக்கு அரசு இன்னும் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

துப்பாக்கிச் சூடுகளும் இதே பாதையில் வருபவைதான். 2024 ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையே சென்னையில் மட்டும் தேடப்பட்டவர்களும் கைதானவர்களுமாக மூன்று பேர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறைத்துவைத்த ஆயுதத்தை எடுக்க அழைத்துச் சென்றபோது தாக்கினார், அதனால் தற்காப்புக்குச் சுட்டோம் என்ற ஒரே கதை மீண்டும் மீண்டும் சொல்லப்படுகிறது. ஒவ்வொரு என்கவுன்டர் சாவும் சுதந்திரமான புலன் விசாரணைக்கு உட்படுத்தப்பட வேண்டும், விசாரணை முடிந்து சந்தேகம் நீங்கும் வரை முறை தாண்டிய பதவி உயர்வும் வீரப் பதக்கமும் தரக்கூடாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. கை ஒடிந்தபோது கைதட்டிய சமூகத்திடமிருந்துதான் துப்பாக்கிக்கும் ஒப்புதல் எடுக்கப்படுகிறது.

பழைய மண், பழைய நோய்

இந்த மண்ணில் சித்திரவதைக்கு நீண்ட வரலாறு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில், வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் குடிமக்கள் எப்படி வதைக்கப்பட்டார்கள் என்பதை விசாரித்த மெட்ராஸ் சித்திரவதைக் கமிஷன் 1855ஆம் ஆண்டு தன் அறிக்கையைத் தந்தது. விரல்களை நசுக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாள் என்று நம் ஊர்ப் பெயர்களோடே அந்த ஆங்கில அறிக்கை வதைகளைப் பதிவு செய்திருக்கிறது. வரி வசூலும் போலீஸ் வேலையும் ஒரே கையில் இருந்ததே கேடு என்பது வெளிப்பட்ட பிறகு, 1859இல் சென்னை மாகாணத்துக்கெனத் தனிக் காவல் சட்டம் வந்தது. போலீசாரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்ற விதி 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், பிறகு 1872இன் சாட்சியச் சட்டத்திலும் இடம்பெற்றது. அந்நிய ஆட்சியே தன் போலீசை நம்ப மறுத்து எழுதிய விதி அது. சுதந்திர இந்தியாவின் புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது.

ஆனால் அந்த விதியிலேயே ஒரு சந்தும் உண்டு. கைதானவர் சொன்னதை வைத்துப் பொருள் ஏதாவது கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு மட்டும் அவர் சொன்னது சாட்சியமாகும். நகையை ‘மீட்க’ வேண்டும், அரிவாளை ‘மீட்க’ வேண்டும் என்ற அவசரமே லத்தியை எடுக்க வைக்கிறது. மடப்புரத்தில் நடந்ததும் நகையைத் ‘தேடிய’ கதைதான்.

அடிமைக் காலத்தின் மற்றொரு மிச்சம், யாரை அடிப்பது என்பதில் தெரிகிறது. பிறப்பையே குற்றமாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது. சென்னை மாகாணத்தில் 1947இல் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தாலும், ஊரில் திருட்டு நடந்தால் முதலில் எந்தத் தெருவுக்குப் போவது என்ற போலீஸ் பழக்கம் ஒழியவில்லை. 1993இல் கடலூர் மாவட்டம் கம்மாபுரம் காவல் நிலையத்தில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் திருட்டு வழக்கில் அடித்துக் கொல்லப்பட்டார். அவரது மனைவி உயர் நீதிமன்றம் வரை போராடியதால்தான் உண்மை வெளிவந்தது. இருளர் குடியிருப்புகளும் குறவர் குடியிருப்புகளும் தலித் குடியிருப்புகளும் இன்றும் ‘சந்தேகக் கேஸ்’ தேடும் இடங்களாகவே இருக்கின்றன. வழக்கறிஞர் வைக்க வசதியுள்ளவர்கள், தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்ல ஆள் உள்ளவர்கள் காவல் நிலையத்தில் வழுக்கி விழுவதில்லை. மாவுக்கட்டு ஏழையின் உடலைத்தான் தேடிப் போகிறது.

‘ரவுடிக்குத்தானே அடி விழுகிறது?’

எங்கள் நிலைப்பாட்டைக் கேட்டதும் எழும் முதல் கேள்வி இது. பெண்ணைச் சிதைத்தவனுக்கும் வெட்டிக் கொன்றவனுக்கும் மனித உரிமை பேசுகிறீர்களே என்று பாதிக்கப்பட்டவர்களே கேட்கிறார்கள். அவர்களின் கோபத்தை நாங்கள் மதிக்கிறோம். அந்தக் கோபத்துக்கு நேர்மையான பதில் தருவது எங்கள் கடமை.

முதலாவதாக, மாவுக்கட்டுப் போடப்படும் நேரத்தில் அவர் குற்றவாளி என்று எவரும் தீர்ப்பளித்திருப்பதில்லை. சாத்தான்குளத்தில் இறந்தவர்கள் கடைக்காரர்கள். மடப்புரத்தில் இறந்தவர் கோயில் காவலாளி. ‘ரவுடிக்கு மட்டும்’ என்று கைதட்டி வளர்த்த கைதான் அவர்கள் மீதும் விழுந்தது. ரவுடியை அடிக்க ஒரு லத்தி, அப்பாவியை விட்டுவிட வேறொரு லத்தி என்று எந்தக் காவல் நிலையத்திலும் இல்லை.

இரண்டாவதாக, சித்திரவதை வழக்கையே கெடுக்கிறது. அடித்து வாங்கிய வாக்குமூலம் நீதிமன்றத்தில் நிற்காது. அடித்துக் காட்டிய ‘மீட்பு’ குறுக்கு விசாரணையில் உடையும். அடிக்குப் பயந்து அப்பாவி ஒப்புக்கொண்டால் உண்மைக் குற்றவாளி வெளியே திரிவான். கைரேகை, ரத்த மாதிரி, கைபேசிப் பதிவு, சாட்சிகளின் நம்பகமான வாக்குமூலம் என்று உழைத்துச் சேர்க்க வேண்டிய ஆதாரங்களின் இடத்தில் லத்தியை வைத்தால், கடைசியில் நீதி இழப்பது மகளை இழந்த தாயும் மகனை இழந்த தந்தையும்தான். அவர்களுக்குத் தேவைப்படுவது உறுதியான புலன் விசாரணையும் விரைவான விசாரணையும் நிலைக்கும் தண்டனையும். மாவுக்கட்டுப் படத்தைக் காட்டி அரசு அவர்களை ஏமாற்றுகிறது.

மூன்றாவதாக, போலீசாருக்குள்ளும் பலர் இந்த வேலையை விரும்பிச் செய்வதில்லை. ஓய்வில்லாப் பணி, ‘இரண்டு நாளில் ஆளைக் காட்டு’ என்ற மேலிட நெருக்கடி, தடயவியல் வசதியின்மை ஆகிய எல்லாவற்றின் சுமையும் கடைசியில் கீழ்நிலைக் காவலரின் கையில் லத்தியாக வந்து சேர்கிறது. ஆள் இறந்தால் சிறைக்குப் போவதும் பெரும்பாலும் அவரே. உத்தரவிட்டவர் காத்திருப்போர் பட்டியலில் சில மாதங்கள் இருந்துவிட்டு வேறு ஊரில் பொறுப்பேற்கிறார்.

எழுதப்படாத சட்டமும் எழுதப்பட்ட ஆபத்தும்

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது. இன்றுவரை அதை உறுதிசெய்து ஏற்கவில்லை. சித்திரவதைத் தடுப்பு மசோதா 2010இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையின் தெரிவுக் குழுவுக்குப் போய், அப்படியே காலாவதியானது. சட்ட ஆணையம் 2017இல் தன் 273ஆவது அறிக்கையில் புதிய மசோதா ஒன்றையே எழுதித் தந்தது. அதுவும் கிடப்பில் இருக்கிறது. காவலில் இருப்பவருக்குக் காயம் ஏற்பட்டால், காவலில் வைத்திருந்த அதிகாரியே அதற்குக் காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று சட்டம் திருத்தப்பட வேண்டும் எனச் சட்ட ஆணையம் 1985ஆம் ஆண்டே தன் 113ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அந்த ஒரு பிரிவு சட்டமாகியிருந்தால் ‘வழுக்கி விழுந்தார்’ என்ற வாக்கியம் என்றோ செத்திருக்கும். 2023இல் மூன்று குற்றவியல் சட்டங்களையும் புதிதாக எழுதிய ஒன்றிய அரசு இந்தப் பரிந்துரையைச் சேர்க்கவில்லை.

மாறாக, புதிய நடைமுறைச் சட்டம் ஆபத்தைக் கூட்டியிருக்கிறது. முன்பு போலீஸ் காவல் விசாரணையை முதல் ரிமாண்டிலிருந்து 15 நாட்களுக்குள் முடித்தாக வேண்டியிருந்தது. இப்போது அந்த 15 நாட்களை, வழக்கின் தன்மைக்கேற்ப முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் பகுதி பகுதியாக எடுத்துக்கொள்ளலாம். சிறைக்குப் போய் ஒரு மாதம் ஆன பிறகும் ஒருவரை மீண்டும் காவல் நிலையத்துக்குக் கொண்டுவர முடியும் என்ற அச்சம், சிறைக்குள் இருப்பவரின் வாயையும் அடைத்துவிடுகிறது.

மாநில அரசுக்கும் பெரிய பொறுப்பு உண்டு. பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், போலீசார் மீதான புகார்களை விசாரிக்க, ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் சுதந்திரமான ஆணையங்கள் அமைக்க உத்தரவிட்டது. தமிழ்நாடு 2013இல் இயற்றிய சட்டமோ மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையும் மாவட்ட அமைப்புக்கு ஆட்சியரையும் தலைவராக்கியது. காவல் துறையை நடத்தும் அரசே காவல் துறை மீதான புகாரையும் விசாரிக்கும் ஏற்பாடு இது. கண்காணிப்புக் கேமராக்களைப் பற்றி 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: லாக்கப், நடைபாதை, ஆய்வாளர் அறை எல்லாவற்றிலும் கேமரா இருக்க வேண்டும், கழிவறைகளுக்கு வெளியேயும் இருக்க வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், பதிவுகளை 18 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். கழிவறைக்கு நடந்து போனவர் எப்படி நடந்து போனார், எப்படித் தூக்கி வரப்பட்டார் என்பதை அந்தக் கேமரா சொல்லிவிடும். ஆகவே, இனி ‘வழுக்கி விழுந்தார்’ என்று சொல்லும் ஒவ்வொரு காவல் நிலையமும் அந்தப் பதிவைக் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் அந்த விளக்கத்தைப் பொய் என்றே கொள்ள வேண்டும்.

எமது கோரிக்கைகள்

1. காவலில் எலும்பு முறிந்த ஒவ்வொரு நேர்விலும் நீதித்துறை நடுவரின் விசாரணை நடத்தப்பட வேண்டும். காவலில் சாவு, காணாமல்போதல், பாலியல் வன்கொடுமை ஆகியவற்றுக்கு மட்டும் விசாரணை என்ற நிலை மாற வேண்டும்.

2. காயத்தோடு கொண்டுவரப்படுபவரைப் போலீசாரை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாக விசாரிக்காமல் எந்த மாஜிஸ்திரேட்டும் ரிமாண்ட் செய்யக்கூடாது. கேட்ட கேள்வியும் பெற்ற பதிலும் உத்தரவில் எழுதப்பட வேண்டும். இதற்கான கட்டாயச் சுற்றறிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பிக்க வேண்டுகிறோம்.

3. அரசு மருத்துவர்கள் போலீசார் அருகில் இல்லாத நிலையில் பரிசோதனை செய்ய வேண்டும். ஒவ்வொரு காயத்தையும், அதன் வயதையும், அது எப்படி ஏற்பட்டதாகக் கைதானவர் சொல்கிறார் என்பதையும் எழுத வேண்டும். காயத்தை மறைத்துச் சான்று தரும் மருத்துவர் மீது மருத்துவக் கவுன்சில் நடவடிக்கை எடுக்க வேண்டும்; அழுத்தம் தரப்பட்டதாகச் சொல்லும் மருத்துவருக்கு அரசு பாதுகாப்புத் தர வேண்டும்.

4. காயத்தோடு வருபவரைச் சிறை அதிகாரி ஏற்க நேர்ந்தால், அன்றே மாவட்ட நீதிபதிக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

5. எழுத்துபூர்வமான உத்தரவு, பெயர்ப் பட்டியல், பொறுப்பு அதிகாரி, பணி நேரம் ஆகியவை பதிவேட்டில் இல்லாத எந்தத் தனிப்படையும் இயங்கக்கூடாது. முதல் தகவல் அறிக்கை இன்றி எவரையும் விசாரணைக்கு அழைத்துச் செல்லக்கூடாது.

6. அனைத்துக் காவல் நிலையங்களிலும் உச்ச நீதிமன்றம் சொன்ன இடங்கள் எல்லாவற்றிலும் கேமராக்கள் இயங்குகின்றனவா என்பதை மாவட்ட நீதிபதிகள் நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டும். அதை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

7. கைதானவர்களின் மாவுக்கட்டுப் படங்களைப் போலீசார் எடுத்துப் பரப்புவது உடனடியாக நிறுத்தப்பட வேண்டும். பரப்புபவர் மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும்.

8. உத்தரவிட்ட உயர் அதிகாரிகளையும் வழக்கில் சேர்க்க வேண்டும். இழப்பீட்டையும் அரசு வேலையையும் தந்து வழக்கை ஆறப்போடும் போக்கைக் கைவிட வேண்டும்.

9. தமிழ்நாடு அரசு 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, நீதிபதி தலைமையிலான சுதந்திரமான காவல் புகார் ஆணையத்தை அமைக்க வேண்டும்.

10. ஒன்றிய அரசு ஐ.நா. உடன்படிக்கையை உறுதிசெய்ய வேண்டும்; சித்திரவதையைத் தனிக் குற்றமாக்கும் சட்டத்தையும் 113ஆவது அறிக்கையின் பரிந்துரையையும் நிறைவேற்ற வேண்டும்.

பொதுமக்களுக்கும் ஊடகங்களுக்கும்

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவரைப் போலீசார் அழைத்துச் சென்றால் நேரத்தையும், வண்டி எண்ணையும், வந்தவர்களின் பெயர்ப் பட்டையையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நிலையத்துக்குக் கொண்டு போகிறார்கள் என்று கேளுங்கள். கைதான செய்தியையும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் குடும்பத்துக்குச் சொல்வது போலீசாரின் சட்டக் கடமை. அழைத்துச் செல்லும்போது அவர் எப்படி இருந்தார் என்பதைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு உடனே எழுதுங்கள். கட்டணமின்றி வழக்கறிஞர் கிடைப்பார். மருத்துவ அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

செய்தியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘வழுக்கி விழுந்து கை முறிந்தது’ என்று போலீஸ் தரும் வாக்கியத்தை அப்படியே அச்சிடாதீர்கள். எந்த நேரத்தில், எந்த மருத்துவமனையில், எந்தக் கேமராவில் என்று கேளுங்கள். ‘போலீஸ் சொல்கிறது’ என்றாவது எழுதுங்கள்.

ஒரே ஒருவர் துணிந்து உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று சாத்தான்குளத்திலேயே இருக்கிறது. அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், சக போலீசார் சூழ்ந்து மிரட்டும் நிலையிலும் விசாரணை நடுவரிடம் தான் பார்த்ததைச் சொன்னார். அச்சத்தில் தயங்கித் தயங்கி, கடைசியில் தன் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டார். அந்த வாக்குமூலம் வழக்கின் முக்கியமான தூண்களில் ஒன்றானது. மடப்புரத்தில் ஓர் இளைஞர் மறைந்திருந்து எடுத்த காணொலி உண்மையை வெளியே கொண்டுவந்தது. அதிகாரம் மிகக் குறைவாக உள்ளவர்கள் காட்டிய துணிவை, அதிகாரமும் சம்பளமும் சட்டப் பாதுகாப்பும் உள்ள மருத்துவர்களிடமிருந்தும் மாஜிஸ்திரேட்டுகளிடமிருந்தும் சிறை அதிகாரிகளிடமிருந்தும் இந்த மாநிலத்தின் மக்கள் கேட்கிறார்கள்.

காயம்பட்ட ஒருவர் உங்கள் முன் நிறுத்தப்படும்போது, கையெழுத்திடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதுங்கள். எழுதியதன் கீழ் மட்டும் கையெழுத்திடுங்கள். அவ்வாறு செய்யும் ஒவ்வொருவருக்கும் எமது சங்கமும் அதன் வழக்கறிஞர்களும் துணை நிற்போம். செய்யத் தவறும் ஒவ்வொரு நேர்விலும் அந்தக் கையெழுத்தின் நகலோடு நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவோம்.

மாநிலச் செயற்குழு